கோழிக்கரடு வீட்டுக்கு வந்தது

தெய்வானை யாரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் "ஒரு தடவை வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் கிளம்ப மாட்டாள், அதுவும் ஒப்புக்குச் சொல்லிவிட்டு நழுவுகிற ரகம் இல்லை அவள், மேலூர் ரோட்டில் அன்பு நகர் ஸ்டாப்பில் இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கடைசித் தெருவில் கடைசி வீடு, பச்சை கேட், வாசலில் செம்பருத்தி என்று வழியையும் சேர்த்தே சொல்லுவாள், கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டி "கண்டிப்பா வர்றேன்" என்பார்கள், ஒருத்தரும் வர மாட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் இதுதானே, கூப்பிடுகிறவர் கூப்பிட வேண்டும், கேட்கிறவர் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அதோடு ரெண்டு பேருக்கும் கடமை முடிந்தது. இது கோழிக்கரட்டுக்குத் தெரியாது. ஒரு மலைக்குப் போய் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

தெய்வானை மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி பவர் பார்க்கிற வேலையில் இருந்தாள். எதிரே உட்கார்ந்தவர் மூக்கின் மேல் பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாவட்டத்தில் பாதிப் பேருக்கு உலகத்தைத் தெளிவாக்கிக் கொடுத்தவள் அவள்தான், அந்தப் பாதிப் பேருக்கும் அவள் வீட்டுக்கு வழி மட்டும் தெரியாமல் போய்விட்டது. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் கல்யாணமாகி, தலை தீபாவளிக்கு முன்னாலேயே, அடிக்கிறவனோடு குடும்பம் நடத்த முடியாது என்று ஒற்றைப் பெட்டியோடு பஸ் ஏறித் திரும்பி வந்தவள் அவள். அடித்தவன் மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொண்டான், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் முன் வரிசையில் உட்கார்ந்து பந்தியில் ரெண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான், அவனைப் பார்த்து யார் கையும் தயங்கவில்லை, அடி வாங்க மாட்டேன் என்று எழுந்து வந்தவளிடம் நீட்டும்போதுதான் குங்குமத் தட்டு நடுவழியில் நின்று யோசிக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, கேட்டவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

விருந்தாளிகளுக்கென்று அவள் வாங்கிய எவர்சில்வர் டம்ளர் டபரா செட் சமையலறை மேல்தட்டில் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, கடையில் ஒட்டிய சீட்டுகூடப் பிரியாமல்.

அந்த வருஷம் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எடுத்தாள். அண்ணன் மகள் இலக்கியா, காலேஜில் படிக்கிறவள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொன்னால்கூட அது ஏன் அந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று சண்டைக்கு நிற்கிறவள், கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

"எங்க போறோம் அத்தை?"

"எங்கயும் இல்ல. சும்மா."

"சும்மான்னா? ஒரு எடம் சொல்லணும்ல? கோயிலா, அணையா, சொந்தக்காரங்க வீடா?"

"ஆம்பளைங்க டீ குடிக்கிறேன்னு வண்டியை எடுத்துட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வர்றாங்கள்ல, யாராவது எதுக்குன்னு கேட்டோமா? நாமளும் சும்மா போயிட்டு சும்மா வருவோம்டி."

இலக்கியா வாதாடாமல் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும் கார் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது, சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போனார்கள், ரெண்டு பக்கமும் புளியமரங்கள் குனிந்து நிழலை விரித்துக்கொண்டே கூட வந்தன, வெயில் இன்னும் காயத் தொடங்காமல் மஞ்சளாகவே இருந்தது, இலக்கியா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்ப்பட்டதையெல்லாம் எடுத்தாள், கண்மாய்த் தாமரையை, தண்ணீருக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்த எருமையை, ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டிருந்த பெண்களை, மைல் கல்மேல் தனக்காகவே அதை நட்டிருக்கிறார்கள் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்த மயிலை. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுத் திருப்பிக் காட்டுவாள், "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று அத்தையின் குரலிலேயே கேட்பாள், தெய்வானை சிரித்துச் சிரித்து வண்டியை இன்னும் மெதுவாக்குவாள்.

நரிமேட்டுப்பட்டி தாண்டியதும் கோழிக்கரடு தெரிந்தது. பெரிய மலை இல்லை, கரடுதான், ஆனால் பார்த்ததும் பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்லாமலேயே புரிந்துவிடும், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் இறக்கையைத் தாழ விரித்துக்கொண்டு, முட்டைமேல் உட்கார்ந்திருக்கிற அடைகோழி. அதன் விலாவில் யாரோ வெள்ளைப் பெயிண்டில் கோடும் நம்பரும் போட்டிருந்தார்கள். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளச்சி என்கிற பெண், கார் நின்றதைப் பார்த்து வந்தாள்.

"என்ன கோடு இது?" என்று கேட்டாள் இலக்கியா.

"கல்லு எடுக்கப் போறாகத்தா. ராஜாங்கம்னு ஒருத்தரு ஏலம் எடுத்திருக்காரு. அடுத்த வாரம் வெடி வைப்பாக. அதுக்கப்பறம் இது இருந்த எடம் பள்ளந்தான்."

"நீங்கள்லாம் ஒண்ணும் கேக்கலயா?"

"கேக்காமயா? மனுக் குடுத்தோம், ரோட்டை மறிச்சோம், ஸ்டேஷன்ல நாள் பூரா உக்காந்திருந்தோம். நம்ம வாயி கத்தலாம், அவுக காதுல்ல கேக்கணும்? நீ போட்டோ எடுத்துக்கத்தா. நாளைக்கு இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா நம்புறதுக்கு ஆள் வேணும்ல."

இலக்கியா கோபத்தில் கை நடுங்கக் கேமராவை உயர்த்தினாள். படம் கலங்கிவிடப் போகிறதே என்று தெய்வானை, கை நடுங்குகிறவளை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் எதிரே இருப்பவரிடம் சொன்னாள், "ஆடாம இருங்க. நேரா பாருங்க. ஒரு நிமிஷம்தான்." மேகத்தின் நிழல் மலைமேல் நகர்ந்துகொண்டிருந்தது நின்றது, பாறையிடுக்கில் அரச இலைகள் சலசலத்துக்கொண்டிருந்தவை நின்றன, கோழிக்கரடு ஆடாமல் நேராகப் பார்த்தது. படம் அவ்வளவு தெளிவாக விழுந்தது.

"அப்ப வரட்டுமா?" என்றாள் தெய்வானை. பிறகு வழக்கப்படி, "ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. ரெண்டு பேருந்தான்" என்று வெள்ளச்சியையும் மலையையும் பார்த்துச் சொல்லி, அன்பு நகர் ஸ்டாப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் பச்சை கேட்டையும் செம்பருத்தியையும் சொன்னாள்.

"வாரோம்த்தா, வாரோம்" என்று சிரித்தாள் வெள்ளச்சி.

திரும்பி வருகிற வழியில் தெய்வானை கண்ணாடியைப் பார்த்தபோது மலை அதில் தெரிந்தது. அதில் ஒன்றுமில்லை, மலைகள் கொஞ்ச தூரம் தெரியத்தான் செய்யும். கண்மாயைத் தாண்டியும் தெரிந்தது, மயிலைத் தாண்டியும் தெரிந்தது. இலக்கியா பின்பக்கம் திரும்பாமல் கேமராவில் அப்போதைக்கப்போது எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள், நொங்குக் கடையை எடுத்த படத்தில் கடைக்குப் பின்னால் அடைகோழி, பனைவரிசையை எடுத்ததில் பனைகளுக்குப் பின்னால் அடைகோழி, பள்ளிக்கூடச் சுவரை எடுத்ததில் சுவருக்கு மேலே தலையை மட்டும் நீட்டி, ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பக்கத்தில்.

"அத்தை, நம்ம கூட வருது."

"கூப்பிட்டோம்ல" என்றாள் தெய்வானை. அவள் கூப்பிட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

பஸ்ஸில் போகிறவர்களோடு நிலா வருமே, அப்படி வந்தது அது, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், தன் அரசமரங்களோடும் தேன்கூடுகளோடும் குரங்குகளோடும், கரண்ட் கம்பிகள் அதன் முதுகில் ஏறி வழுக்கி மறுபக்கம் இறங்கின, ஓடுகிற ஓடை ஒன்று கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு மறுபடியும் சேர்ந்துகொண்டது. ரோட்டில் நெல் காயப்போட்ட பெண்கள் எழுந்து காலால் நெல்லை ஓரம் கூட்டி, "பார்த்து வரச் சொல்லுத்தா, விதை நெல்லு" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அது போனதும் திரும்பப் பரப்பினார்கள். டீக்கடையில் தெய்வானை நிறுத்தியபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்க கூட வந்தவுகளா? ஒரு ஓரமா நிக்கச் சொல்லுங்க, டவுன் பஸ் வர்ற நேரம்" என்றார். சுங்கச்சாவடியில் சீருடை போட்ட பெண் மட்டும் கொஞ்சம் குழம்பினாள்.

"இது எந்த வகை வண்டியில வரும் மேடம்?"

"வண்டி இல்லம்மா. விருந்தாளி."

"அப்ப சரி" என்று தடுப்பைத் தூக்கிவிட்டாள்.

அன்பு நகரில் தெய்வானையின் வீட்டுக்குப் பின்னால் விற்காமல் கிடந்த மனைகளில் கருவேலம் மண்டிக் கிடந்தது. கோழிக்கரடு அங்கே போய், கோழிகள் செய்கிற மாதிரியே ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, இறக்கையைத் தளர்த்தி உட்கார்ந்தது. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் தர வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. தெய்வானை ஒரு குடம் தண்ணீரைச் சுமந்துபோய் அதன் காலடியில் சாய்த்தாள், சூடேறிய பாறை ஒரே மூச்சில் குடித்தது, மண்ணும் பாசியும் கலந்த ஒரு வாசனை எழுந்து தெரு முழுக்கப் போனது. "வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் பால்காரர் வழக்கமான வழியை விட்டு மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, "கொஞ்சம் லேட்டாயிருச்சு, நடுவுல மலை" என்றார். காலனிச் சங்கச் செயலாளர், பக்கத்து வீட்டுக் கமலவேணியின் கணவர், அறிவிப்புப் பலகையில் 'முன் அனுமதியின்றி மலைகளை நிறுத்தக் கூடாது' என்று எழுதினார். அந்தப் பலகைமேலும் மலையின் நிழல்தான் குளுகுளுவென்று விழுந்தது. அந்த வாரத்துக்குள்ளேயே பஸ் கண்டக்டர் "மலை ஸ்டாப் இறங்கு" என்று கத்தத் தொடங்கினார், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பாறைகளில் இடம்பிடித்தார்கள், முழங்கால் வலி என்று வருஷக்கணக்கில் வீட்டைவிட்டு இறங்காத வாத்தியார் ஒருவர் உச்சிவரை ஏறி அங்கிருந்து பெண்டாட்டிக்குப் போன் போட்டார், போர்வெல்லில் தண்ணீர் மேலே வந்தது. யாரோ ஒரு பாறையில் விபூதிப் பட்டை போட்டார்கள், யாரோ இன்னொன்றில் பச்சைக் கொடி கட்டினார்கள், யாரோ வேறொன்றில் சிலுவை வரைந்தார்கள், கோழிக்கரடு விடிகாலையில் ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு மூன்றையும் ஒரே மாதிரி உதறிவிட்டது. உதறாமல் விட்டது கமலவேணி பழைய வேட்டியில் பிழிந்து பாறையில் காயவைத்த கூழ் வடகத்தை மட்டும்தான்.

மலைக்குப் போக வேண்டுமென்றால் தெய்வானையின் பச்சை கேட்டைத் திறந்து, அவள் வீட்டுப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடியும், மற்ற பக்கமெல்லாம் காம்பவுண்டுச் சுவர். அதனால் அன்பு நகர் மொத்தமும் அவள் வாசல் வழியாக வந்தது. அட்டைப்பெட்டி பிரிந்தது, டம்ளர்கள் கழுவி, டிகாக்‌ஷன் இறங்கி, அடுப்பு அணையாமல் எரிந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அண்ணி வந்தாள், வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்ட சித்தப்பா மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், இத்தனை வருஷம் வழி தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் வழி தெரிந்துவிட்டது. கமலவேணிகூட, தன் வீட்டு விசேஷத்தில் தெய்வானையை "நீ உள்ள போய்ப் பந்தியைப் பாத்துக்கயேன்" என்று பின்கட்டுக்கு அனுப்பிய அதே கமலவேணி, வடகத்தைப் புரட்டிப் போட தினமும் வந்து, போகிற போக்கில் ஒரு வாய் காபி குடித்தாள்.

இலக்கியா பொறுக்க மாட்டாமல் கேட்டாள், "அத்தை, இவங்க யாரும் உங்களைப் பாக்க வரல. மலையைப் பாக்க வர்றாங்க. உங்களுக்குக் கோவமே வரலயா?"

"தெரியும்டி" என்றாள் தெய்வானை, பாலை ஆற்றிக்கொண்டே. "வர்றாங்கள்ல."

ராஜாங்கமும் வந்தார். வெள்ளை வேட்டி, தணிந்த குரல், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து காபியை ரசித்துக் குடித்தார்.

"அம்மா, உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். நல்ல மனசுல கூப்பிட்டுட்டீங்க. ஆனா அது என் பொருள்."

"எது உங்க பொருள்?" என்று எழுந்துவிட்டாள் இலக்கியா. "நீங்க ஏலம் எடுத்தது மலையையா, எடத்தையா?"

"எடத்தைத்தான் பாப்பா. மலை உக்காந்திருந்த எடம் எம்புட்டோ அம்புட்டும், ஒரு அடி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதனாலதான் கெஞ்சிக் கேக்குறேன். அம்மா ஒரு வார்த்தை போன்னு சொன்னா அது பாட்டுக்குப் பழைய எடத்துல போய் உக்காந்துக்கும், நான் என் வேலையைப் பாப்பேன்."

"வீட்டுக்கு வந்தவங்களை எப்படிப் போன்னு சொல்றது?" என்றாள் தெய்வானை.

"சொல்ல வேணாம்மா. அப்ப இங்கயே வச்சுக்குவோம்" என்று ராஜாங்கம் சிரித்து எழுந்து, நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனார். காலனி சம்மதித்தால் இங்கேயே அறுப்பதற்கு அவர் அனுமதி வாங்கிக்கொள்வாராம், பதிலுக்குக் காலனிக்குக் கிரானைட்டில் நுழைவு வளைவு, பூங்காவுக்குப் பளபளவென்று பெஞ்சுகள். சாயங்காலம் சங்கம் கூடியது. மலைமேல் உட்கார்ந்து காற்று வாங்கினவர்கள், மலைத் தண்ணீரில் குளித்தவர்கள், அவ்வளவு பேரும் நிதானமாக யோசித்து, ஒருத்தர் மனசும் புண்படாமல், வால் பக்கம் கொஞ்சம் மட்டும் அறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினார்கள். கமலவேணி மூலையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தெய்வானையிடம் சொல்ல அவள் அண்ணனையே அனுப்பினார்கள்.

"நீயும் இந்த ஊர்ல நாலு பேரோட இருக்கணும்ல தெய்வானை" என்றார் அண்ணன். "இப்பத்தான் ஜனம் உன் வாசல்ல காலை வைக்குது. கெடுத்துக்காத. கொஞ்சந்தான்."

"கையைக் காலைக் கொஞ்சம் ஒடிச்சுக்கறோம்னு யாராவது சொன்னா வந்தவங்களை விட்டுக் குடுப்பியாண்ணே?"

அண்ணனுக்குப் பழைய ஞாபகம் ஏதோ வந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவளிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொன்னவர் அவர்தான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பச்சை கேட்டைத் தட்டிக்கொண்டு வெள்ளச்சி நின்றாள், கையில் ஒரு மஞ்சப்பை நிறைய வெள்ளரிப் பிஞ்சு.

"வரச் சொன்னீகள்ல, வந்துட்டேன். செம்பருத்தியைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். நல்லாருக்கீகளா?"

அந்த வாசலுக்கு வந்தவர்களில் மலையைக் கேட்கும் முன்னால் தெய்வானையை நல்லாயிருக்கிறாயா என்று கேட்டவள் வெள்ளச்சி ஒருத்திதான். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் பின்னால் போய், பாறையில் உள்ளங்கையை வைத்து, "ஏ கோழி, சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டியே" என்று திட்டினாள், முதுகில் வந்த குரங்குகளைப் பேர் சொல்லி விசாரித்தாள். ஊரில் ஆடுகளுக்கு நிழல் இல்லை, உச்சி வெயிலில் எங்கே ஒதுங்குவதென்று தெரியாமல் அதுகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை விட்டுக்கொண்டு நிற்கின்றன, கண்மாய்க்கு ஓடையில் தண்ணீர் வரவில்லை, பெய்த மழையெல்லாம் மலை உட்கார்ந்திருந்த பள்ளத்திலேயே தேங்கிக் கிடக்கிறது, எங்கு பார்த்தாலும் வானம், அவ்வளவு வானத்தைப் பார்த்துப் பழக்கமில்லாமல் ஊர்க்காரர்களுக்குத் தலை சுற்றுகிறது என்று அடுக்கினாள்.

"கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?" என்று கேட்டாள் தெய்வானை. கேட்கும்போது அவள் கை ஒரு டம்ளரைப் பிடித்திருந்தது, விடவில்லை.

"இல்லத்தா. அங்க வந்தா வெடிதான? நாங்க வெயில்ல கெடந்துக்குவோம், அது இங்கயாச்சும் உசுரோட இருக்கட்டும். கண்ணால பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அப்புறம் இலக்கியா சங்கத்தின் முடிவைச் சொன்னாள். வெள்ளச்சி பாதி கடித்த வெள்ளரிப் பிஞ்சைப் பைக்குள் திரும்பப் போட்டாள். "இங்கயும் அப்படித்தானா" என்றாள்.

தெய்வானை எதிரே இருந்த ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், மலை இருக்கும்வரை ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வரும்வரை மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பார்கள், மலையை அனுப்பினால் ஒருத்தரும் வரமாட்டார்கள், இது தெளிவா, இல்ல இதுவா. ஊரையே அவள் கேட்ட கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் கேட்டது வேறு ஒன்று.

"அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு வெள்ளச்சி?"

"மந்தைக்காடு. ஆடு மாடு மேய்க்கிற பொது எடம், ஊருக்குச் சொந்தம்."

இலக்கியா வாயைத் திறந்தாள், அத்தையைப் பார்த்தாள், ஒரு அடி கூடவும் இல்ல, குறையவும் இல்ல என்ற தணிந்த குரல் ரெண்டு பேர் காதிலும் ஒன்றாகக் கேட்டது. "அத்தை, அப்புறம் இங்க யாரும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட வாதம் அவளுக்கு அது ஒன்றுதான்.

வெள்ளச்சி அந்த வீட்டிலேயே தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் வெயில் ஏறுகிற நேரத்தில் தெய்வானை காரை வெளியே எடுத்து, வெள்ளச்சியை முன் சீட்டிலும் இலக்கியாவைப் பின் சீட்டிலும் உட்கார வைத்து, வீட்டுக்குப் பின்னால் போய் மலையிடம், "வாங்க, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள். கோழிக்கரடு எழுந்தது. வடகம் புரட்ட வந்திருந்த கமலவேணி வேட்டியை நாலு முனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு நின்றாள்.

"எங்க தெய்வானை?"

"சும்மாக்கா. கார்ல."

கமலவேணி மலையைப் பார்த்தாள், தெய்வானையின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் பக்கம் திரும்பினாள், கூப்பிடவில்லை. வடக மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பச்சை கேட்டின் ரெண்டு கதவையும் விரியத் திறந்து, மலை போய் முடிகிறவரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

வந்த வழியே போனார்கள், அதே மாட்டு வண்டி வேகத்தில், சுங்கச்சாவடிப் பெண் "ஊருக்கா?" என்று சிரித்துத் தடுப்பைத் தூக்கினாள், டீக்கடையில் இறங்கி டீ குடித்தார்கள், மயில் மைல் கல்லைவிட்டு இறங்கவில்லை, இலக்கியா படமாக எடுத்துத் தள்ளினாள், இந்த முறை காரின் முன் கண்ணாடி வழியாக எடுத்த ஒவ்வொன்றிலும் வெற்று வானம், ஒவ்வொரு படத்திலும் அந்த வானம் இன்னும் கொஞ்சம் பெரிது. நரிமேட்டுப்பட்டிப் பள்ளத்தில் தண்ணீர் தளும்பி நின்றது, தவளைகள் சத்தம், எங்கிருந்தோ வந்த நாரைகள். கோழிக்கரடு தான் இருந்த இடத்தின் கரையில் நின்று, குனிந்து, குடித்து, அப்புறம் எங்கே உட்காருவதென்று தெரியாமல் தயங்கியது. தெய்வானை வெள்ளச்சியைப் பார்த்தாள். வெள்ளச்சி மந்தைக்காட்டுக்குள் போய் நின்று, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, விருந்தாளியைக் கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிட்டாள், "வா, இது நம்ம வீடுதான். உக்காரு."

அது ஒரு முறை தன்னைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தது. ஆடுகள் ஓடிவந்து ஏறின.

ராஜாங்கம் மிஷினோடு வந்து சேர்ந்தபோது அவர் ஏலம் எடுத்த இடம் அடி பிசகாமல் அப்படியே இருந்தது, முழுக்கத் தண்ணீராக. கரையில் நின்று ரொம்ப நேரம் அதில் தன் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஏலம் வரும்ல" என்றார் தணிந்த குரலில். "மந்தைக்காட்டுக்கும் வரும்."

"வரட்டும்" என்றாள் வெள்ளச்சி. "கோழிக்கு இப்ப வழி தெரியும்."

கிளம்பும்போது தெய்வானை வழக்கம்போல வாயைத் திறந்தாள், செம்பருத்தி வரைக்கும் நாக்கு நுனியில் வந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. ஆடுகளை விட்டு வெள்ளச்சியால் எத்தனை முறை வர முடியும்? வரமுடியாதவர்களை ஏன் பொய் சொல்ல வைக்க வேண்டும்? தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் மலை கொஞ்ச தூரம் தெரிந்தது, எல்லா மலைகளும் தெரிகிற தூரம், அப்புறம் தெரியவில்லை.

அன்பு நகரில் அறிவிப்புப் பலகை மாறியிருந்தது, 'பொதுச் சொத்தைத் தன்னிச்சையாக அழைத்துச் சென்றது கண்டிக்கத்தக்கது.' வெயில் பழையபடி விழுந்தது, போர்வெல் தண்ணீர் கீழே போனது, கண்டக்டர் பழைய பெயரையே கூப்பிட்டார், அண்ணன் போன் எடுக்கவில்லை, பச்சை கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடிக்கத் தொடங்கியது. தெய்வானை டம்ளர்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடி மாற்றிக்கொண்டவர்கள் நன்றி சொல்லி எழுந்தபோது அவள் "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள், வீட்டுக்கு வாங்க என்று யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம், இலக்கியா வந்து உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தாழ்ப்பாள் கிறீச்சென்றது. கமலவேணி நின்றாள். கையில் வடகம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கிண்ணம் இல்லை, பத்திரிகை வைக்கிற மஞ்சள் கவர் இல்லை, ஒன்றுமே இல்லை.

"என்னக்கா?" என்று பதறி எழுந்தாள் தெய்வானை. "ஏதும் வேணுமா? யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

தெய்வானைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கமலவேணி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வர்றேன் வர்றேன்னு எத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன். நீயும் நம்பிட்டு இருந்தியாக்கும்."

"நான் எங்கக்கா நம்புனேன்? மலைதான் நம்புச்சு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து ரெண்டு டம்ளர் இறங்கியது. இருட்டுகிறவரை பேசினார்கள், முட்டைக்கோஸ் கூட்டைப் பற்றி, கமலவேணியின் கணவர் கையில் பேப்பரோடு பேசுகிற தோரணையைப் பற்றி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள இந்த வயதில் முடியுமா என்பதைப் பற்றி. இலக்கியா அதைப் படம் எடுத்தாள். வாசற்படி, ரெண்டு பெண்கள், ரெண்டு டம்ளர், பின்னால் காலி மனைகள், அதற்கும் பின்னால் சிவந்த வானம், வேறு எதுவும் இல்லை.

காலேஜில் தோழிகளிடம் அந்தப் படங்கள் எல்லாவற்றையும் அவள் காட்டினாள். டீக்கடைக்குப் பின்னால் மலை நிற்பதைப் பார்த்தார்கள், சுங்கச்சாவடியில் மலை காத்திருப்பதைப் பார்த்தார்கள், வடகம் காய்கிற மலையைப் பார்த்தார்கள், சரி சரி என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள், கடைசிப் படத்தில் நின்றார்கள்.

"இவங்க எதுக்கு வந்திருக்காங்க?"

"சும்மா."

"சும்மாவா? தனியா இருக்கற அந்த அத்தை வீட்டுக்கா? ஏதாவது காரியம் இருந்திருக்கும்டி."

"இல்லப்பா. சும்மாதான் வந்தாங்க."

"போடி, இதை யார் நம்புவா?" என்றார்கள். இலக்கியா பையைக் கீழே வைத்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள், வாதாட உட்கார்ந்தாள்.